இடது வரிசைக் கடைகள்

அவருக்குப் பல்லி என்று பெயர் வைத்தவள் நான்தான். யார் மேலும் பழி போட மாட்டேன். எங்கள் ஆபீசில் யாருக்குப் பட்டப்பெயர் விழுந்தாலும் அது என் வாயிலிருந்துதான் விழுந்திருக்கும். என் வாய் அப்படி. அவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது. இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரே ஒரு நீலப் பேனா, கையில் நாலாக மடித்த கைக்குட்டை. எங்களுக்குப் பணம் போட்ட கம்பெனியிலிருந்து எங்கள் மாடிக்கு வந்து, நாங்கள் செய்துகொண்டிருந்த வீடியோ கேமை உட்கார்ந்து ஆடிப் பார்ப்பார். பிடித்தால் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எங்களுக்கு அடுத்த தவணைப் பணம். அதனால் படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே யாராவது, "பல்லி வருது, சுவத்தையெல்லாம் ஒரு தடவ பாத்துக்கோங்க" என்று குரல் கொடுப்பார்கள்.

நானும் என் தம்பியும் சேர்ந்து நடத்திய கம்பெனி அது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் இரண்டு அறை, எட்டுப் பேர், ஓயாமல் முனகும் ஒரு ஃபிரிட்ஜ். நான் புரோகிராம் எழுதுவேன், தம்பி படம் வரைவான். எங்கள் கேமின் கதை ஒரு வரிதான். பெரிய மார்க்கெட் ஒன்றில் ஒரு சின்னப் பெண் அம்மாவின் கையை விட்டுவிடுகிறாள். கடைகள் மூடுவதற்குள் அம்மாவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். துப்பாக்கி கிடையாது, வெட்டுக்குத்து கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் "அம்மா" என்று கூப்பிடுவாள். அந்தக் குரல் தம்பி மகளுடையது. அவளுக்கு அப்போது ஆறு வயது.

இதைச் செய்து முடிக்கும்வரை எட்டுப் பேர் சாப்பிட வேண்டுமே? அதற்குத்தான் பப்ளிஷர். புத்தகத்துக்குப் பதிப்பாளர் மாதிரி, கேமுக்கு இவர்கள். பணம் போடுவார்கள், விளம்பரம் செய்வார்கள், கடைகளிலும் இணையத்திலும் கொண்டுபோய் வைப்பார்கள். நல்ல விஷயம்தானே என்பீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள், தெரியும். முதல் கட்டம் முடிந்ததும், பெண் குழந்தை வேண்டாம், பையனாக மாற்றுங்கள், அப்போதுதான் விற்கும் என்றார்கள். ஏழு வாரம் உட்கார்ந்து மாற்றினோம். பிறகு அப்படிச் சொன்ன அதிகாரியின் நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பெண் குழந்தைதான் மனதைத் தொட்டது. திரும்ப மாற்றினோம், இன்னொரு ஐந்து வாரம். பன்னிரண்டு வாரச் சம்பளம் யார் தலையில்? எங்கள் தலையில். கேட்டால், "ஒப்பந்தத்துலயே இருக்கே மேடம்" என்பார்கள், ஏதோ எனக்கு ஞாபகமறதி வியாதி வந்துவிட்டதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் யாரிடம் கத்துவது? மேலே இருப்பவர்கள் போனில் மட்டும்தான் வருவார்கள். அந்தக் கம்பெனியிலிருந்து ரத்தமும் சதையுமாக எங்கள் படியேறி வந்தவர் இவர் ஒருவர்தான். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இவரைத் திட்டினோம், முதுகுக்குப் பின்னால்.

முகத்துக்கு நேரே திட்ட முடியாது. அப்படி ஒரு மனிதர். வந்ததும் எட்டுப் பேரையும் தனித்தனியாக விசாரிப்பார். "ஏம்ப்பா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சா?" "என்னம்மா, இளைச்சுட்ட?" பிறகு கைக்குட்டையால் கைகளைத் துடைத்துக்கொண்டு, கேம் ஆடும் கன்ட்ரோலரை வாங்குவார். வாங்கியதும், திரையில் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டினாலும், முதலில் திரும்பிப் பின்னால் நடப்பார். பிறகு இடது பக்கச் சுவரைப் பிடித்துக்கொள்வார். சுவரை ஒட்டியே போவார், எதிர்ப்படும் மேசை மேலெல்லாம் ஏறிக் குதிப்பார், ஒவ்வொரு கதவையும் முட்டுவார். நடுக்கூடத்தில் நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த வேடிக்கைகளைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பல்லி என்று பெயர் வைக்காமல் என்ன செய்வது?

"ஏண்ணா எப்பப் பாத்தாலும் இடது பக்கமே போறீங்க?" என்று ஒருநாள் தேநீர் குடிக்கும்போது கேட்டேன்.

"அதுவா?" என்று சிரித்தார். "நான் வேன் ஓட்டினவன்மா. பத்தொம்பது வருஷம் இதே கம்பெனிக்கு கேம் டிஸ்க் ஏத்திக்கிட்டுக் கடை கடையாப் போவேன். குடோன்ல லைட் எரிஞ்ச நாளே கிடையாது. வலது தோள்ல பெட்டி, வலது கையால அதப் புடிச்சுக்கணும். இடது கையால சுவத்தத் தடவிக்கிட்டே போனாத்தான் போய்ச் சேர முடியும். அப்படியே பழகிடுச்சு."

வேனிலிருந்து மேசைக்கு வந்த கதையையும் அன்றுதான் சொன்னார். கடைகளில் பில்லுக்குக் காத்திருக்கும் நேரத்தில், அங்கே டிவியில் கேம் ஆடும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். "முன்னாடி போன்னு அம்புக்குறி காட்டும். ஒரு பிள்ளையும் போகாது. பின்னாடி போகும், மேல ஏறும், சுவத்துல மோதும். கேம் எங்க உடையும்னு அதுங்களுக்குத்தான் தெரியும்." அப்படிப் பார்த்து ஒரு கேமில் யாருக்கும் தெரியாத கோளாறு ஒன்றைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கொஞ்ச நாளில் எல்லாரும் இணையத்திலேயே கேம் வாங்க ஆரம்பித்தார்கள். டிஸ்க் போனது, வேன் போனது, டிரைவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இவரை மட்டும் அந்தக் கடிதத்துக்காக வைத்துக்கொண்டு ஒரு மேசை கொடுத்தார்கள்.

"ஒரு நோட்டு முழுக்கக் கையெழுத்துப் போட்டுப் பழகினேன்மா. பில்லுல கிறுக்கறது வேற, இது வேற இல்லையா? வீட்டுல ஒரே கிண்டல், வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு விளையாடிட்டு வர்றீங்களேன்னு." சிரித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கினார். "ஆனா ஆபீசுல நாலு பேருக்கு என்னப் பாத்தாலே உறுத்துது. வேன் ஓட்டினவனுக்கு மேசையான்னு. ஒரே ஒரு கையெழுத்து தப்பாப் போச்சுன்னா போதும், மூட்டை கட்டிடுவாங்க. அதான் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

இதை என்னிடம் அவர் வாயாலேயே சொல்லியிருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். நானும் மறக்கவில்லை.

கேமை யார் ஆடினாலும் அவர்கள் நடந்த பாதையைக் கோடாக வரைந்து வைக்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். எங்கே எல்லாரும் தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதற்காக. எங்கள் கோடுகளெல்லாம் நூல்கண்டைப் பூனை இழுத்துப்போட்டது மாதிரி கிடக்கும். பல்லியின் கோடு மட்டும் சிவப்பில், ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இடது சுவரை ஒட்டியே போகும். அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, 'பல்லியின் பாதை' என்று எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தோம். அவர் வரும் நாளில் மட்டும் எடுத்து ஒளித்துவைப்போம்.

மூன்றாம் கட்டத்தில்தான் வினை வந்தது. மார்க்கெட்டின் நடுக்கூடம்; இடது வரிசையில் முப்பது கடை, வலது வரிசையில் முப்பது கடை. ஒவ்வொரு கடையும் தம்பி கையால் வரைந்தது. பாதி முடிந்திருந்தபோது பப்ளிஷரிடமிருந்து போன். பெரிய கண்காட்சி ஒன்று வருகிறதாம், மூன்றாம் கட்டத்தை ஆறு வாரம் முன்னதாகவே முடித்துக் கொடுக்க வேண்டுமாம்.

"ஆள் போட்டுக்கறேன், கொஞ்சம் பணத்த முன்னாடியே குடுங்க" என்றேன்.

"கட்டம் முடிஞ்சாத்தானே மேடம் பணம்?"

"பணம் வந்தாத்தானே சார் கட்டம் முடியும்?"

"ஒப்பந்தத்துலயே இருக்கே மேடம்."

போனை வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன், தண்ணீர் குடிக்க. கதவை மூடினால் எதிரே சிவப்புக் கோடு. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

"தம்பி, இங்க வா" என்றேன். "இது மட்டும் போதும்டா."

"எது?"

"இந்தக் கோடு. பின்னாடி வாசல், இடது வரிசை முப்பது கடை. அவர் அங்கதான் போவாரு. அத மட்டும் அசத்தலா முடி. வலது பக்கம் சும்மா ஷட்டர் படத்த ஒட்டு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அக்கா, இது அந்த மனுஷன ஏமாத்தறது."

"ஏமாத்தறது இல்ல, தள்ளிப் போடறது. பணம் வந்ததும் வலது பக்கத்த முடிச்சிடப் போறோம். யாருக்கு என்ன நஷ்டம்? அவங்க நம்மளப் பையன், பொண்ணு, பையன், பொண்ணுன்னு ஆட வெச்சப்ப நஷ்டம் இல்லையா?"

"அது அவங்க. இவர் என்ன பண்ணினாரு?"

"நீ போய் வரையுற வேலையப் பாரு."

அவன் போய் வரைந்தான். அக்கா சொல்லைத் தட்டாத தம்பி. மேலே போகும் படிக்கட்டு முதலில் வலது மூலையில்தான் இருந்தது. அங்கே இருந்தால் அவர் கூடத்தைக் கடந்து அந்தப் பக்கம் வந்தாக வேண்டும். படிக்கட்டை எடுத்து இடது மூலையில் வைத்தேன், நானே, என் கையால், ஒரே ஒரு எண்ணை மாற்றி. வலது வரிசையில் மூன்றாவது கடைக்கு அப்பால் தரையே கிடையாது. பார்த்தால் தரை மாதிரி தெரியும், காலை வைத்தால் ஒன்றும் இருக்காது.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். விடுமுறை நாளில் வர வேண்டிய அவசியமே இல்லை. "திங்கக்கிழமை காலையில கையெழுத்துப் போட்ட பேப்பர் மேசைல இருந்தா, அந்த வாரமே பணம் வந்துடும்மா. உங்களுக்கு நெருக்கடின்னு தெரியும்" என்றார். கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரும்பிப் பின்னால் நடந்தார், வாசல் இருந்தது. இடது சுவரைப் பிடித்தார். பொம்மைக் கடை, பாத்திரக் கடை, கடிகாரக் கடை. கடிகாரக் கடையில் மேசை மேல் ஏறினார். அவர் ஏறுவார் என்று தெரிந்தே, ஏறியதும் எல்லாக் கடிகாரமும் மணியடிக்கும்படி செய்திருந்தேன். மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார். முப்பது கடையும் முடிந்து படிக்கட்டில் ஏறிவிட்டார்.

"இவ்வளவு நாள்ல இந்தத் தடவதான் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியல" என்று நீலப் பேனாவை எடுத்தார். அழுத்தி, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி போட்டார். தம்பி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

பணம் வந்தது. வலது வரிசையை ஆரம்பித்தோம். இன்னும் நாலு வாரம் இருக்கிறது, கண்காட்சிக்குள் முடித்துப் புதிய பதிப்பைக் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. பப்ளிஷரோ, கையெழுத்தான பதிப்பை வேறு யாரும் தொடக்கூடாது என்று அதையே கண்காட்சிக்கு எடுத்து வைத்துவிட்டார்கள். நாங்கள் கெஞ்சினோம். அதுவும் ஒப்பந்தத்திலேயே இருந்ததாம்.

கண்காட்சி அரங்கில் ஆள் உயரத்துக்குத் திரை. வெளியூர்களில் நூற்றுக்கணக்கான கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். எங்கள் கேமை எத்தனை கடையில் வைப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். பப்ளிஷரின் பெரிய அதிகாரி பல்லெல்லாம் தெரிய அவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தார். பல்லி அண்ணன் கொஞ்சம் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு, பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் மாதிரி பெருமையாக நின்றிருந்தார். நான் திரையைப் பார்க்காமல் அந்த அம்மாளின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் நேராக வலது பக்கம் திரும்பினார்.

ஒரு கடை, இரண்டு கடை, மூன்று கடை. அப்புறம் எங்கள் குழந்தை தரைக்குள் விழுந்தாள். மார்க்கெட் மேலே போய்விட்டது, சுற்றிலும் வெறும் சாம்பல் நிறம். கையைக் காலை ஆட்டிக்கொண்டு விழுந்துகொண்டே இருந்தாள். பதற்றத்தில் அந்த அம்மாள் எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். "அம்மா... அம்மா... அம்மா..." தம்பி மகளின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அப்புறம் அந்த அம்மாள் கன்ட்ரோலரை மெதுவாக மேசை மேல் வைத்துவிட்டு, "முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க" என்று போய்விட்டார்.

அதிகாரி என்னையும் தம்பியையும் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். "இதுக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார்." யாரும் கூப்பிடாமலே பல்லி அண்ணன் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். "வலது பக்கம் பாக்காம விட்டுட்டேன் சார். எனக்கு எப்பவும் இடது பக்கம்தான் கால் போகும். என் தப்புதான்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவர் செக் பண்ணப்ப எப்படி இருந்துச்சு?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒப்பந்தம் போயிருக்கும், எட்டுப் பேரும் தெருவுக்கு வந்திருப்போம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் நான் எட்டுப் பேரை நினைக்கவில்லை. என்னைத்தான் நினைத்தேன்.

"அவர் பாத்த இடமெல்லாம் சரியாத்தான் சார் இருந்துச்சு" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இன்னும் அசிங்கம். தம்பி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

அடுத்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த நாலு பேர் காத்துக்கொண்டுதானே இருந்தார்கள். எங்களைத் திட்டினார்கள், விற்பனையில் எங்கள் பங்கைக் குறைத்தார்கள், ஆனால் கை கழுவவில்லை. செக் பண்ணியவர் தப்பு என்று ஆன பிறகு எங்கள் மேல் பெரிதாக என்ன இருக்கிறது? கேம் அடுத்த வருடம் வெளியானது. அந்த அம்மாளின் கடைகளில் வைக்கவில்லை. சுமாராக விற்றது. கேமின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கக் கேட்டேன். வெளியாகும் நாளில் வேலையில் இருப்பவர்களின் பெயர் மட்டும்தான் போடுவோம் என்றார்கள். கடைசித் தவணை அவர்கள் கையில் இருந்தது. நான் இரண்டாவது முறை கேட்கவில்லை.

தம்பி வலது வரிசையை முடித்துக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் வாழ்நாளில் வரைந்ததிலேயே அதுதான் உசத்தி. இப்போதும் பேசுவோம், வீட்டு விஷயம் மட்டும்.

கேம் வெளியாகி இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். வாய் வராவிட்டால் காட்டிவிடலாம் என்று, 'பல்லியின் பாதை' பிரிண்டை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. கீழே தண்ணீர் கேன் ஏற்றிய வேன் ஒன்று நின்றது. அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"வாங்க. கேன் போட்டுட்டு இப்பத்தான் வந்தாரு, குளிக்கிறாரு" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். பிறகு உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தூக்கத்துலகூட 'வலது பக்கம் போயிருக்கணும், வலது பக்கம் போயிருக்கணும்'னு பொலம்பறாரு. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றார். "உங்க கேம் வந்தன்னைக்கே காசு குடுத்து வாங்கிட்டாரு. கடைசியில பேரா ஓடுச்சே, அது முடியற வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல."

"நீ சும்மா இரு" என்று தலையைத் துவட்டிக்கொண்டே அவர் வந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எட்டுப் பேரையும் தனித்தனியாக விசாரித்தார். யார் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதுகூட மறக்கவில்லை.

"வலது வரிசை பாத்தேன்மா" என்றார். "அடடா, என்ன வேலை! அந்தக் குடை ரிப்பேர் கடை, தம்பி வரைஞ்சதுதானே? இப்பல்லாம் எந்த கேம் எடுத்தாலும் முதல்ல வலது பக்கம்தான் போறேன். கால் வரமாட்டேங்குது, இழுத்துக்கிட்டுப் போறேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். "உங்கிட்ட நேர்ல சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். நீயே வந்துட்ட. அன்னைக்கு ஒரு எட்டு அந்தப் பக்கம் போயிருந்தா உங்களுக்கு அத்தனை பேர் முன்னாடி அந்தத் தலைகுனிவு வந்திருக்காது. அந்த அம்மா கடையெல்லாம் கிடைச்சிருக்கும். என்னால உங்க ரெண்டு வருஷ உழைப்பு போச்சு. என்ன மன்னிச்சிடும்மா."

கை கூப்பிவிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர்.

கைப்பையின் ஜிப்பில் விரல் வைத்திருந்தேன். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நல்லதாக ஏதாவது சொல்லிவிட மாட்டேனா என்று.

"பரவாயில்லண்ணா, விடுங்க" என்றேன். "யாருக்கும் வர்ற தப்புதானே."

அவர் முகம் அப்படியே தெளிந்தது. பெரிதாக மூச்சு விட்டார். "கேட்டியா? நான்தான் சொன்னேனே, அந்தப் பொண்ணு மனசுல ஒண்ணும் வெச்சுக்காதுன்னு" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் போட உள்ளே போனார். நான் அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.